முன்விளக்கில் பூசிய வெள்ளிக்கிழமைச் சந்தனம்

சாமுவேலு,

'இவ்விடம் அனைவரும் சுகம்'னு ஒரு வரி எழுதிட்டு அடிச்சுட்டேன். அனைவரும்னு சொல்ல இந்த வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன், அந்த ஒருத்திக்கும் சுகம் இல்ல. மிஷன் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லிக்குடுக்கறவளுக்கு நாலு பேர் மெச்சற மாதிரி சுத்தமா ஒரு கடுதாசி எழுதத் தெரியாதான்னு நீ நினைப்ப. தெரியும்டா. ஆனா சுத்தத் தமிழ்ல உட்கார்ந்தா எனக்குக் கோவம் வரமாட்டேங்குது, கோவம் வராம இதை எழுதவும் முடியாது. அதனால பேசற மாதிரியே எழுதறேன். அரக்கோணத்துல உங்க அத்தை வீட்டுக்கு நான் ரெண்டு தடவை ரயில் ஏறி வந்தேன். ரெண்டு தடவையும் நான் வாயைத் திறந்ததும் நீ செருப்பை மாட்டிக்கினு வெளியே போயிட்ட. ரெண்டாவது தடவை உங்க அத்தை எனக்குக் காப்பி குடுத்து, "அவனை விடுங்க அண்ணி, அவன் சாப்பிடறதே இல்ல"ன்னு சொல்லி அழுதா. நான் அழல. வண்டி ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, திருத்தணி வர்ற வரைக்கும் உன்னைத் திட்டிக்கினே வந்தேன். பக்கத்துல இருந்த ஆள் எழுந்து வேற இடம் பாத்துப் போயிட்டான்.

வர்ற திங்கட்கிழமை உன் கேஸ் கோர்ட்டுக்கு வருது. வக்கீல் என்கிட்டயும் சொல்லிட்டார், உன்கிட்டயும் சொல்லியிருக்கார். அன்னிக்கு வண்டி விளக்கு எப்படி இருந்துதுன்னு யாராவது வாயைத் திறந்து சொன்னா உனக்குப் பாதி பாரம் குறையும். சொல்லலன்னா, கண்மண் தெரியாம ஓட்டி ஒரு மனுஷன் காலை உடைச்சவன்னு உன்னை உள்ளே தள்ளுவாங்க, லைசன்ஸும் போயிடும். அதுக்கு நீ என்ன பண்ணின? வக்கீலுக்குப் பதில் சொல்லல. உங்க அத்தைகிட்ட சொல்லி அனுப்பின, "அம்மா கோர்ட்ல சந்தனம்னு ஒரு வார்த்தை சொன்னா, அதுக்கப்புறம் நான் அவங்க வாசல்படி மிதிக்கமாட்டேன்"னு. நல்லா இருக்குடா நியாயம். உன்னைப் பெத்ததுக்கு நீ எனக்கு வாய்ப்பூட்டு போடற. நான் சொல்லத்தான் போறேன். ஏன்னு முதல்லேருந்து சொல்றேன், பொறுமையா படி.

நீ நூல்கடை முதலாளிக்கு டிரைவரா சேர்ந்தப்ப எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்ல. உங்கப்பா காலராவில போனதுக்கப்புறம் நம்ம வீட்டுல நான் தலை நிமிர்ந்து நடந்தது அந்த வருஷம்தான். முதல் வாரமே என்னை முன் சீட்டுல உட்கார வெச்சு கே.ஜி.கண்டிகை வரைக்கும் கூட்டிக்கினு போன. போற வழியெல்லாம் நான் கதவைப் பிடிச்சுக்கினு ஜெபம் பண்ணினேன், திரும்பி வரும்போது வாந்தி எடுத்தேன். நீ இறங்கி, துண்டை நனைச்சு எனக்கு முதல்ல முகம் தொடைக்கல. வண்டிக் கதவைத் தொடைச்ச! அன்னிக்கு நான் உன்னை எப்படித் திட்டினேன். ஆனா மனசுக்குள்ள சொல்லிக்கினேன், தன் கையில இருக்கற பொருளை இப்படிப் பாத்துக்கறவன் பிழைச்சுப்பான்னு. அந்த வண்டியில ஒரு தூசி உட்கார விடமாட்ட. சக்கரத்து ஆணியைக் கூட தேச்சு வெப்ப. ரெண்டே ரெண்டு இடம்தான் உன் துண்டு படாது. ரெண்டு முன் விளக்கு.

அது ஏன்னு உனக்கும் எனக்கும் கமலம்மாவுக்கும் தெரியும். முதலாளி சம்சாரம் கமலம்மா தங்கமானவ, அதை இன்னிக்கும் நான் மாத்திச் சொல்லமாட்டேன். அவ தெலுங்கு வாய்க்கு உன்னை 'நைனா, நைனா'ன்னு கூப்பிட்டு, பண்டிகைக்குப் பண்டிகை நம்ம வீட்டுக்கு அதிரசம் அனுப்பினவ. கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பற கேக்கை, முட்டை போட்டதுன்னு தெரிஞ்சும் வாங்கி வெச்சுக்கினு, வேலைக்காரிக்குக் குடுத்துட்டு, "ரொம்ப ருசி அக்கா"ன்னு சொன்னவ. அவ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மலையேறி சாமி கும்பிட்டுட்டு இறங்கி வந்ததும், கார் நிக்கற செட்டுக்கு வந்து வண்டிக்குச் சந்தனம் வெப்பா. பொட்டு மாதிரி வெச்சா பரவாயில்ல. வண்டிக்கு அது ரெண்டும்தானே கண்ணு, கண்ணுக்குத்தானே திருஷ்டின்னு சொல்லி, விளக்குக் கண்ணாடி மேலேயே குழைச்சுப் பூசுவா, நடுவுல குங்குமம். போன வெள்ளிக்கிழமைச் சந்தனத்து மேல இந்த வெள்ளிக்கிழமைச் சந்தனம். "இருட்டுல போற பிள்ளை, முருகன் கூட வரட்டும்"னுதான் பூசினா. உனக்காகத்தான் பூசினா.

போன வருஷம் ஆயுத பூஜை முடிஞ்சு வண்டியைக் கழுவறப்ப நீ அதைத் தொடைச்சுட்ட. எல்லா டிரைவரும் பண்றதைத்தான் பண்ணின. ஆனா நீ தொடைச்சா அது வேற. கடைக் கணக்குப்பிள்ளை அதைப் பாத்துட்டு, "வேதக்காரன் கைக்கு நம்ம சாமி சந்தனம் உறுத்துது போல"ன்னு பஜார் பூரா சிரிச்சுக்கினே சொல்லி வெச்சான். முதலாளி பெருசா எடுத்துக்கல. கமலம்மா ஒரு வாரம் உன் முகத்தைப் பாத்துப் பேசல. அந்த வாரம் நீ சோறு சாப்பிட்டியா? வெறும் ரசத்தைக் குடிச்சுட்டுப் படுத்த. "அம்மா, இனிமே அந்தக் கண்ணாடி மேல என் விரல் படாது"ன்னு சொன்ன. நான் விளையாட்டா, "பாதி கண்ணாடி நம்மளது, பாதி அவங்களதுன்னு பங்கு போட்டுக்கோ"ன்னேன். நீ சிரிக்கல.

இதுல சண்டை வேற வந்து சேர்ந்துது. ஜப்பான்காரன் ஆகாயத்துலேருந்து வெளிச்சத்தைப் பாத்துக் குண்டு போடுவான்னு மோட்டார் விளக்குக்கெல்லாம் மேல் பாதி கறுப்பு அடிக்கச் சொல்லி உத்தரவு. பட்டணத்துக்குச் சரி. நம்ம பொதட்டூர்பேட்டை ரோட்டுல என்ன இருக்குன்னு அவன் வருவான், லுங்கி வாங்கவா? ஆனா உத்தரவு உத்தரவுதான், நீயும் அடிச்ச. அப்ப கணக்கு என்ன ஆச்சு? மேல் பாதி சர்க்காருக்கு, கீழ் பாதி சாமிக்கு. ரோட்டுக்கு என்னடா மிச்சம்?

பெட்ரோல் கூப்பன் கிடைக்காம வண்டி பாதி நாள் செட்டுலேயே நின்னுது, அதனால நமக்கு ஆபத்து தெரியல. கார்த்திகையில முதலாளி மச்சான் வீட்டுக் கல்யாணம் பொதட்டூர்பேட்டையில வந்துது. பொண்ணுக்கு ரவிக்கை நான்தான் தெச்சேன்னு என்னையும் கூட்டிக்கினு போனாங்க. ராத்திரியெல்லாம் நல்ல மழை. முதலாளிக்குக் காலை ரயில்ல பட்டணம் போகணும், அதனால கோழி கூப்பிடறதுக்கு முன்னாலேயே கிளம்பினோம். முன்னால நீயும் முதலாளியும், பின்னால நானும் கமலம்மாவும். மழை தூறலா விட்டு, வயல்லேருந்து பனி எழுந்து ரோட்டு மேல படுத்துக்கினு இருந்துது. நீ விளக்கைப் போட்ட. எனக்கு ஒண்ணுமே தெரியல. வண்டி ஏறறப்பவே பாத்தேன், காஞ்சு கிடந்த சந்தனம் ராத்திரி மழையில ஊறி, கண்ணாடி பூரா வழிஞ்சு, மோர் ஊத்தி வெச்ச மாதிரி இருந்துது. வெளிச்சம் அதுக்குள்ளேயே நின்னுக்கினு இருந்துது.

நான் வாயை மூடிக்கினு வரல சாமுவேலு. நீ மறந்திருந்தா ஞாபகப்படுத்தறேன். "டேய், இறங்கி அந்தக் கண்ணாடியை ஒரு தடவை தொடைச்சுட்டு வா"ன்னு சொன்னேன். நீ திரும்பி என்னைப் பாக்கல, கமலம்மாவைப் பாத்த. அவ அரைத் தூக்கத்துல இருந்தா. "கண்ணாடி சரியாத்தான் இருக்குதும்மா, பனிதான்"ன்ன. முதலாளி எதிர்க் கண்ணாடியில மழைத்தண்ணி நிக்கக்கூடாதுன்னு, உள்ளேயிருந்து வைப்பரைக் கையால இப்படியும் அப்படியும் ஆட்டிக்கினே வந்தார். பெரிய மனுஷன் கை வலிக்க ஆட்டினார். நாம பாக்கற கண்ணாடியைத் தொடைச்சோம், ரோட்டைக் காட்டற கண்ணாடியைத் தொடைக்கல. நீ மெதுவாத்தான் ஓட்டின. ஹாரன் அடிச்சுக்கினேதான் வந்த. கண்டிகை தாண்டறதுக்கு முன்னால, அந்த வளைவுல, டொக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். மாட்டு வண்டி சக்கரம் கல்லுல ஏறின மாதிரி ஒரு சின்ன சத்தம், இன்னிக்கும் என் காதுல இருக்குது.

முனுசாமி. பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர். சந்தைக்கு லுங்கி மூட்டையைத் தலையில வெச்சுக்கினு, மழைக்குக் கோணிப்பையை மடிச்சு தலையிலேருந்து முதுகு வரைக்கும் போட்டுக்கினு ரோட்டு ஓரமா நடந்து போனவர். கோணி காதை மூடிக்கிச்சு, ஹாரன் கேக்கல. வெளிச்சம் இருந்திருந்தா கால் முன்னால நிழல் விழுந்திருக்கும், ஒதுங்கியிருப்பார். விளக்கு நாம பாக்கறதுக்கு மட்டும்தான்னு நான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். நம்மளை மத்தவங்க பாக்கறதுக்கும் அதுதாண்டா.

நீ ஓடிப் போய் அவரை மடியில போட்டுக்கின. உன் துண்டைக் கிழிச்சு காலைக் கட்டின. முதலாளி, "ஐயோ முருகா, ஐயோ முருகா"ன்னு நடு ரோட்டுல சுத்திச் சுத்தி வந்தார். அப்ப கமலம்மா இறங்கினா. அந்த ஈர மண்ணுல பட்டுப்புடவையோட மண்டி போட்டு, முந்தானையால ஒரு விளக்கைத் தொடைச்சா, அப்புறம் இன்னொரு விளக்கைத் தொடைச்சா. அழுதுக்கினே தொடைச்சா. நானும் பாத்தேன், நீயும் நிமிர்ந்து பாத்த. அப்புறம் அவரைப் பின் சீட்டுல படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டின. அதே பனி, அதே பாதி விளக்கு. ஆனா ரோட்டு ஓரத்துப் புளியமரத்துல அடிச்சு வெச்ச வெள்ளைப் பட்டை ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. நான் அதைப் பாத்துக்கினே வந்தேன். வரும்போது அதுல ஒரு பட்டை கூட என் கண்ணுல படல.

ஆஸ்பத்திரி வாசல்ல கான்ஸ்டபிள் வந்து விளக்கைப் போட்டுப் பாத்தான். பளிச்சுனு எரிஞ்சுது. எழுதிக்கினு போயிட்டான். விளக்கு நல்லா இருந்தா, குத்தம் கண்ணுல. கண்ணு நல்லா இருந்தா, புத்தியில. இப்படித்தான் இந்தக் கேஸ் உன் தலையில விழுந்துது.

நீ ஏன் பேசமாட்டேங்கறன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. சந்தனம்னு சொன்னா கமலம்மா கூண்டுல ஏறணும். வேதக்காரன் குடிச்சுட்டு ஓட்டினதுக்கு எங்க சாமியைக் குத்தம் சொல்றான்னு பஜார்ல நாலு பேர் கிளம்புவாங்க. நம்ம தெருவுல இருக்கற கூலிக்காரங்களுக்கு நாளைக்கு யார் வேலை குடுப்பாங்க? இதெல்லாம் யோசிச்சுத்தான் வாயை மூடிக்கின. உன் மனசு எனக்குப் புரியாமலா? உனக்குச் சின்ன வயசுலேருந்து இந்த வியாதி. அறுப்பின் பண்டிகைக்கு யாரோ காணிக்கையாக் கொண்டாந்த பூசணிக்காயை, நம்ம பாதிரி ஐயர் வீட்டுப் பையன் மிஷன் கோவில் படியில போட்டு உடைச்சான். நீ நடுவுல போய், "நான்தான்"ன்ன. ஐயரம்மா உன் காதைத் திருகினாங்க. வீட்டுக்கு வந்ததும் நானும் நாலு சாத்து சாத்தினேன். ஒரு மாசம் கழிச்சு அந்தப் பையனே வந்து சொன்னான். உன்னைக் கேட்டா, "அவன் அழுதானேம்மா"ன்ன. அன்னிக்கு உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கினு நான் முத்தம் குடுத்தேன் பாரு, அது குடுத்திருக்கக் கூடாது. பூசணிக்காய்க்குக் கால் கிடையாது. அது உடைஞ்சா யாரோட பொழைப்பும் போகாது.

இப்ப போன புதன்கிழமை நடந்ததைச் சொல்றேன். இதுக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதறேன். மூணு வாரமா என்னைக் கண்டா தலையைத் திருப்பிக்கினு போன கமலம்மா, சாயங்காலம் நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னா. உள்ளே வான்னேன், வரல. "அக்கா, அந்த மனுஷனைப் பாக்கணும். தனியாப் போக பயமா இருக்குது. நீங்க கூட வாங்க"ன்னா. எனக்கு முதல்ல வந்தது கோவம். 'என் பிள்ளை ஊரை விட்டு ஒளிஞ்சுக்கினு கிடக்கறான், நீ இப்பதான் வரியா'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. முகத்தைப் பாத்தேன். பாதியா இளைச்சுட்டிருந்தா. செருப்பை மாட்டிக்கினு கிளம்பிட்டேன்.

முனுசாமி கட்டில்ல காலை நீட்டிப் படுத்திருந்தார். வலது கால். எலும்பு கூடிக்கினு வருதாம். ஆனா தறிக் குழிக்குள்ள இறங்கி உட்கார்ந்து மிதி போட முடியுமான்னு டாக்டர் இன்னும் சொல்லல. என்னைப் பாத்ததும், "அந்த டிரைவர் பையன் அம்மாவா"ன்னார். "ஆங்"ன்னேன். கமலம்மா கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை அவர் தொடல. அவளை உத்துப் பாத்துக்கினே இருந்தார். அப்புறம் கேட்டார், சாமுவேலு. மூணு வாரமா மனசுல வெச்சிருந்ததைக் கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்கு நான் ரோட்டுல கிடந்தேன். உசிரு போவுதா இருக்குதான்னு தெரியாம கிடக்கறேன். அந்தப் பையன் என் காலைக் கட்டறான். நீங்க என்னாடான்னா, வண்டி முன்னால குந்திக்கினு முந்தானையால தொடைச்சுக்கினு இருந்தீங்க. என் ரத்தம் பட்டு உங்க வண்டி அழுக்கா போயிட்ச்சா? அதையா தொடைச்சீங்க?"

கமலம்மா சுவத்தைப் பிடிச்சுக்கினா. நீ யாரைக் காப்பாத்தறதா நினைச்சு வாயை மூடிக்கினு இருக்கியோ, அவளைப் பத்தி அந்த மனுஷன் இத்தனை நாளா என்ன நினைச்சுக்கினு படுத்துக் கிடந்திருக்கார் பாரு!

"ரத்தம் இல்ல நைனா"ன்னா கமலம்மா. "சந்தனம். சாமி சந்தனம். நான்தான் லைட்டு மேல பூசி வெச்சேன். வெளிச்சத்தை அது மறைச்சுடுச்சுன்னு உங்களைக் கீழ பாத்ததும்தான் எனக்குப் புரிஞ்சுது. பயத்துல தொடைச்சுட்டேன். யாராவது பாத்துடுவாங்கன்னு தொடைச்சேன்."

முனுசாமி கழுத்துலேயும் மலைக் கோவில் கயிறுதான் கட்டியிருந்துது. "உங்க கடைக் கணக்குப்பிள்ளை வந்து, பையன் குடிச்சிருந்தான், கோர்ட்டுல நீயும் அதையே சொல்லுன்னு சொல்லிட்டுப் போனாரே"ன்னார். நான் அந்த எடத்துலேயே கத்திட்டேன். "என் பிள்ளை கள்ளுக்கடை வாசல்ல நிழலுக்குக் கூட நிக்கமாட்டான்"ன்னேன். நர்ஸம்மா ஓடி வந்து என்னை அடக்கினாங்க. கமலம்மா என் கையைப் பிடிச்சுக்கினா, நான் உதறல. "எனக்குத் தெரியாது அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிக்கினே இருந்தா.

பாத்தியாடா? நீ வாயை மூடிக்கினா சத்தம் நின்னுடும்னு நினைச்ச. நீ காலியா விட்ட எடத்துல வேற ஒருத்தன் வந்து உட்கார்ந்து பேசிட்டுப் போயிட்டான். நீ கமலம்மாவை ரத்தம் தொடைக்கறவளாக்கின, உன்னைக் குடிகாரனாக்கிக்கின, என்னை வாயிருந்தும் ஊமையாக்கின. இதுல யாருடா காப்பாத்தப்பட்டவங்க?

கமலம்மா திங்கட்கிழமை வந்து சொல்றேன்னு என்கிட்ட சொல்லியிருக்கா. வீட்டுல முதலாளி, மானம் போயிடும், போகக்கூடாதுன்னு குதிக்கறாராம். அவ வருவாளா மாட்டாளான்னு எனக்கு நிச்சயம் இல்ல, பொய் சொல்லமாட்டேன். ராத்திரி அதை நினைச்சுத் தூக்கம் வரமாட்டேங்குது. நம்ம தெருவுக்கு என்ன வருமோன்னும் பயம்தான், எனக்கு மட்டும் பயம் இல்லையா? ஆனா அவ வந்தாலும் வரலன்னாலும் நான் ஏறுவேன். என்ன சொல்வேன்னு முன்கூட்டியே உனக்குச் சொல்லிடறேன், பின்னால அம்மா முதுகுல குத்திட்டான்னு சொல்லாதே. சந்தனத்தைச் சொல்வேன், கூடவே அதைப் பூசினவ நல்ல மனசோட பூசினான்னும் சொல்வேன். கறுப்பு அடிக்கச் சொன்ன உத்தரவைச் சொல்வேன். தொடைடான்னு நான் சொல்லியும் என் பிள்ளை தொடைக்கலன்னும் சொல்வேன். உன்னை மட்டும் விட்டுட்டுச் சொல்ல எனக்கு மனசு வரல. நீ பயந்தது சாமிக்கு இல்ல. எந்தச் சாமியும், கண்ணை மறைச்சுக்கினு வண்டி ஓட்டுன்னு கேக்காது. நீ பயந்தது நாலு பேர் வாய்க்கு. அந்தப் பயம் எப்படி வந்துதுன்னும் சொல்வேன். கணக்குப்பிள்ளை தலையைத் தொங்கப் போடட்டும், எனக்கென்ன.

இனிமே நீ வண்டி ஓட்டுவியோ இல்ல வேற தொழிலுக்குப் போவியோ, அது உன் இஷ்டம். ஓட்டினா ஒண்ணு சொல்றேன், டிரைவருக்குத் தையல்காரி புத்தி சொல்றாளேன்னு சிரிக்காதே. மழையும் பனியும் இருக்கற நேரத்துல கிளம்பறதுக்கு முன்னால, விளக்கைப் போட்டுட்டு வண்டியை விட்டு இறங்கு. பத்தடி முன்னால போய் நின்னு திரும்பிப் பாரு. ரோட்டுல நடந்து வர்றவன் கண்ணுக்கு நீ தெரியறியான்னு பாரு. தெரியலன்னா, பின் சீட்டுல யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, அது மேல யார் எதைப் பூசியிருந்தாலும் சரி, தொடைச்சுடு. அப்புறம் வர்ற பேச்சை நான் பாத்துக்கறேன். அதுக்குத்தான் கர்த்தர் எனக்கு இவ்வளவு பெரிய வாயைக் குடுத்திருக்கார்.

இன்னும் ஒண்ணு இருக்குது. நாங்க கிளம்பறப்ப முனுசாமி என்னைக் கூப்பிட்டார். அவர் உன்னை மன்னிச்சேன்னு சொல்லல. நானும் கேக்கல, கேக்கற தைரியம் எனக்கு இல்ல. தறியில மிதி போட முடியலன்னா என்ன பண்ணப் போறேன்னு அவருக்கே தெரியல, அந்தக் கோவம் அவர் குரல்லே இருந்துது. ஆனா இதைச் சொன்னார், அப்படியே எழுதறேன்.

"உன் பையனை வரச் சொல்லும்மா. மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்ல. அன்னிக்கு அவனுக்கு என்னைத் தெரியல, எனக்கு அவனைத் தெரியல. பகல்ல வரச் சொல்லு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறோம்."

ஞாயித்துக்கிழமை காலை ரயிலுக்கு வந்துடு. ஸ்டேஷன்ல நான் நிப்பேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உன் கூட வருவேன். உள்ளே நீ மட்டும் போ.

கடுதாசி முழுக்க திட்டிட்டு, கடைசியில உன் பேரைச் சொல்லி முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டு மூடி ஒட்டறவ,

உங்கம்மா